தெரபிக்குப் பணம் தருகிறீர்களா? ஆட்டோ கூலியையும் சேர்த்துத் தாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பக்கவாதம், முதுகுத்தண்டு அடி, கால் இழப்பு, குழந்தைகளின் மூளை முடக்குவாதம். இப்படி முடங்கிப்போன ஒருவரின் தெரபிச் செலவை ஏற்றுக்கொள்ள விரும்புகிறோம், எப்படிச் செய்வது என்று கேட்டு பெங்களூரு வாசகர்களிடமிருந்து பல கடிதங்கள் வந்துள்ளன. மறுவாழ்வு சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவர்களும் ஒரு தணிக்கையாளரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டுப் பேட்டையை மட்டும் போட்டிருக்கிறோம்.

எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் 45 வயதுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. சீட்டு நண்பர்கள் சேர்ந்து 25,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். கரன்ட் வைக்கும் மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டால் வீட்டிலேயே வைத்துக்கொள்வார் என்கிறார்கள். வாங்கலாமா?
— அல்சூர் வாசகர்

வேண்டாம். கரன்ட் வைப்பதற்கும் சில இடங்களில் பயன் உண்டு. ஆனால் அது தெரபிஸ்ட் பயிற்சி கொடுக்கும்போது கூடவே நடக்க வேண்டியது. மெஷின் மட்டும் வீட்டுக்கு வந்தால் இரண்டாவது மாதம் பீரோ மேல் ஏறிவிடும். விழுந்த கை கால் மீள்வது மூளை அந்த வேலையை மறுபடி கற்றுக்கொள்வதால்தான். அதற்கு வேண்டியது ஒரே வேலையை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்வது. ஸ்ட்ரோக்கில் முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். உங்கள் நண்பருக்கு அதில் மூன்று வாரம் போய்விட்டது.

வீட்டுக்கு வரும் ஃபிசியோதெரபிஸ்டுக்கு ஒரு சிட்டிங் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் மூன்று முறை, 12 வாரம் என்றால் 21,600 ரூபாய். உங்கள் பணம் ஏறக்குறைய அதிலேயே தீர்ந்துவிடும். இப்படிப் பிரித்துப் பாருங்கள்: முதல் நான்கு வாரம் வாரத்துக்கு மூன்று, அடுத்த நான்கு வாரம் இரண்டு, கடைசி நான்கு வாரம் ஒன்று. மொத்தம் 24 சிட்டிங், 14,400 ரூபாய். கையில் 10,600 மிஞ்சும். தெரபிஸ்டிடம் ஒரு நிபந்தனை போடுங்கள். ஒவ்வொரு சிட்டிங்கிலும் கடைசி 15 நிமிடம் அவர் மனைவிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். தெரபிஸ்ட் வராத நாட்களில் காலை அரை மணி, மாலை அரை மணி அந்தத் தாள்தான் தெரபிஸ்ட்.

மிஞ்சிய பணத்தில் முதல் உரிமை மாத்திரைக்கு. பி.பி. மாத்திரை நின்று இரண்டாவது ஸ்ட்ரோக் வந்தால், கட்டிய அத்தனை சிட்டிங்கும் ஆற்றில் கரைத்த புளி. அடுத்து, பாதம் தொங்கி விரல் தரையில் இழுபட்டால் ஏ.எஃப்.ஓ. என்ற பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட் தேவைப்படும். அதை அளவெடுத்துச் செய்ய வேண்டும், மருந்துக்கடையில் ரெடிமேடாக வாங்கினால் கணுக்காலில் புண் வரும்.

பௌரிங் மாதிரி அரசு ஆஸ்பத்திரியில் போய்ச் செய்துகொண்டால் கட்டணம் மிகக் குறைவுதானே என்று கேட்பீர்கள். உண்மை. ஆனால் அங்கே போகிறவர்களில் பாதியில் நிற்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். சிகிச்சைக் கட்டணத்துக்காக நின்றவர் அபூர்வம். போகவர ஆட்டோ, கூட வரும் மனைவிக்கு அன்றைய வீட்டு வேலைக் கூலி போனது, மாடிப்படியில் இறக்க ஆள் இல்லை, இவைதான் காரணங்கள். அந்த வழியில் போவதாக இருந்தால் உங்கள் 25,000 ரூபாயை ஆட்டோவுக்கும் மனைவியின் கூலிக்கும் என்றே ஒதுக்குங்கள். ஸ்பான்சர் செய்பவர்களுக்கு இதற்கு மட்டும் மனம் வராது. தெரபிக்குக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆட்டோவுக்குக் கொடுத்தேன் என்பது காதுக்கு அழகாக இல்லை போலும்!

ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்ய கர்நாடகா கார்டு இருக்கிறதே என்று நம்பியும் இருக்க வேண்டாம். அது படுத்துப் பெறும் சிகிச்சைக்கு. மாதக்கணக்கில் வெளிநோயாளியாகப் பெறும் ஃபிசியோதெரபி அதில் வராது.

வீட்டில் கெட்டுப்போகும் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறோம். ஒன்று, எழுப்பும்போது விழுந்த கையைப் பிடித்து இழுப்பது. தோளைத் தாங்கும் தசை செயலிழந்திருப்பதால் மூட்டு கீழே இறங்கிவிடும். பிறகு வலிக்குப் பயந்து அவர் எந்தப் பயிற்சிக்கும் கை கொடுக்க மாட்டார். இடுப்பில் துண்டையோ பெல்ட்டையோ கட்டி அதைப் பிடித்து எழுப்புங்கள். கதவுக்கு மேல் கப்பி மாட்டிக் கையை இழுத்துத் தூக்கும் பயிற்சியும் இதே காரணத்தால் ஆகாது. இரண்டு, நாளெல்லாம் ஸ்பாஞ்ச் பந்தை அமுக்கச் சொல்வது. ஸ்ட்ரோக்கில் விரல் மடங்குவது பெரும்பாலும் தானே வந்துவிடும், விரிவதுதான் வராது. காலி எவர்சில்வர் டம்ளரைப் பிடித்து, ஒரு சாண் தள்ளி வைத்து, விரலைத் திறந்து விடச் சொல்லுங்கள். அந்த விடுவதில்தான் வேலை இருக்கிறது.

20 சிட்டிங்குக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா?
— காக்ஸ் டவுன் வாசகர்

ஐந்துக்கு மேல் கட்டாதீர்கள். நோயாளிக்கு நடுவில் சளி கட்டி மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் மிச்சம் திரும்பி வருவது கஷ்டம். பேச்சுப் பயிற்சி தருபவர், செயற்கைக் கால் செய்பவர், சிறப்புக் கல்வி ஆசிரியர் ஆகியோர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை இல்லை. ஃபிசியோதெரபிஸ்ட் அந்தக் கவுன்சிலின் கீழ் வரமாட்டார், அவரிடம் பட்டத்தைக் கேளுங்கள்.

என் தங்கை மாடியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஒரு சங்கத்தார் மேடையில் அழைத்து மாலை போட்டு வீல்சேர் கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் உட்காரும் இடத்தில் புண் வந்துவிட்டது. வேறொருவர் இன்னொரு வீல்சேர் தருவதாகச் சொல்கிறார். என்ன கேட்டு வாங்க வேண்டும்?
— லிங்கராஜபுரம் வாசகி

புண் ஆறும்வரை எந்த வீல்சேரும் வேண்டாம், அம்மா. அந்த இடத்தின் மேல் உட்காரவே கூடாது. படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள், புண்ணை டாக்டரிடம் காட்டுங்கள்.

மேடையில் கொடுப்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆளைத் தள்ளிக்கொண்டு போகிற மடக்கு வீல்சேர். இருக்கை 18 அங்குல அகலம், அடியில் வெறும் ரெக்சின் துணி. உங்கள் தங்கை ஒல்லியாக இருந்தால் அதில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்காருவார். முழு எடையும் ஒரு பக்க உட்காரும் எலும்பில் இறங்கும். அவருக்கு வலி தெரியாது. புண்ணுக்கு அவ்வளவு போதும்.

புதிதாக வாங்கித் தருகிறவரிடம் வீல்சேர் வேண்டாம், அளவெடுத்த வீல்சேரும் குஷனும் வேண்டும் என்று சொல்லுங்கள். இருக்கையின் அகலம் இடுப்பின் அகலத்தைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் கூடாது. ஆழத்தைப் பார்க்க, நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்காரவைத்து, இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவில் இரண்டு விரல் விட்டுப் பாருங்கள். சரியாக நுழைய வேண்டும். கால் பலகை தொடை முழுவதும் குஷனில் படியும் உயரத்தில் இருக்கட்டும். முழங்கால் மேலே தூக்கிக்கொண்டிருந்தால் எடை எல்லாம் பின்னால் போய்விடும்.

குஷனைச் சோதிக்கக் கை போதும். அவர் உட்கார்ந்திருக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கும்படி உங்கள் கையை அடியில் நுழைத்து, உட்காரும் எலும்பைத் தொடுங்கள். விரல் நுனியை அரை சென்டிமீட்டராவது மேலும் கீழும் அசைக்க முடிந்தால் பரவாயில்லை. எலும்புக்கும் குஷனுக்கும் நடுவில் விரல் நசுங்கி அசையவில்லை என்றால் அந்தக் குஷன் அவருக்கு உதவாது, எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும். குஷன் மேல் இறுக்கமாக ரெக்சின் உறை தைத்துப் போடுவதையும் நிறுத்துங்கள். அது தொட்டில் மாதிரி இழுத்துப் பிடித்துக் குஷனை வேலை செய்யவிடாது.

நல்ல குஷனிலும் கால் மணி முதல் அரை மணிக்கு ஒரு தடவை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ ஒரு நிமிடமாவது எடையை எடுக்க வேண்டும். இரவில் படுக்கும்போது கண்ணாடி வைத்து அந்த இடத்தைப் பாருங்கள். சிவப்பு அரை மணியில் மறையாவிட்டால் மறுநாள் உட்கார வேண்டாம்.

இன்னொன்றையும் முதலிலேயே அளந்துவிடுங்கள். வீல்சேரின் மொத்த அகலம் இருக்கையைவிட ஏறத்தாழ 8 அங்குலம் அதிகம். 16 அங்குல இருக்கை என்றால் வண்டி 24 அங்குலம். லிங்கராஜபுரத்துப் பழைய வாடகை வீடுகளில் பாத்ரூம் கதவே 24 அங்குலம்தான் இருக்கும், சட்டம் போக இன்னும் குறையும். ஆகவே சின்னச் சக்கரம் வைத்த கமோடு சேர் ஒன்றும் கணக்கில் வர வேண்டும். வாசல் படி 6 அங்குல உயரம் என்றால், தானே தள்ளி ஏறச் சரிவுப் பலகை 6 அடி நீளம் வேண்டும், அதாவது ஒன்றுக்குப் பன்னிரண்டு. தெருவில் அவ்வளவு நீட்ட முடியாது, ஆகவே மடக்கி எடுத்துவைக்கும் பலகையாகச் செய்யுங்கள்.

இதையெல்லாம் அளந்து பொருத்தித் தரும் இடம் உங்கள் பேட்டையிலேயே இருக்கிறது. 1959-ல் என்.எஸ். ஹேமா தொடங்கிய அசோசியேஷன் ஆஃப் பீப்பிள் வித் டிசெபிலிட்டி லிங்கராஜபுரத்தில்தான் உள்ளது. ஜே.பி. நகரில் மொபிலிட்டி இந்தியா இருக்கிறது. ஸ்பான்சர் செய்பவர் வீல்சேர் வாங்கிக்கொண்டு வருவதைவிட, இப்படி ஓர் இடத்தில் அளவு எடுத்து அந்த பில்லைக் கட்டினால் போதும்.

கடைசியாக, யாரும் மேடையில் கொடுக்காத ஒரு பொருள்: சிறுநீர் டியூப். முதுகுத்தண்டு அடிபட்டவர்களில் பலருக்கு 4 முதல் 6 மணிக்கு ஒரு தடவை டியூப் விட்டுச் சிறுநீரை எடுக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஐந்து முறை. டியூப் வாங்கப் பணமில்லாமல் நேரத்தைத் தள்ளிப்போட்டால் சிறுநீர்ப்பை நிரம்பித் தொற்று வரும், கடைசியில் சிறுநீரகம் போகும். மாதாமாதம் டியூபுக்கும் ஜெல்லுக்கும் பணம் தருகிற ஒருவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

கொத்தனார் வேலை செய்த என் மைத்துனருக்கு சர்க்கரை வியாதியால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் இலவசமாகவே கிடைக்கும் என்கிறார்கள். அப்படியானால் உதவ முன்வந்த முதலாளியிடம் எதற்குப் பணம் கேட்பது?
— எஜிபுரா வாசகர்

முதல் கால் இலவசமாகக் கிடைக்க வழிகள் உண்டு. மத்திய அரசின் ஏடிப் திட்டத்தில் 40 சதவீத ஊனச் சான்றும் வருமானச் சான்றும் இருந்தால், கான்பூர் அலிம்கோ நிறுவனம் செய்யும் உபகரணங்கள் கிடைக்கும். 1975 முதல் ஜெய்ப்பூரில் இயங்கும் பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி ஜெய்ப்பூர் காலை இலவசமாகவே பொருத்துகிறது.

சிக்கல் இரண்டாவது காலில். எடுத்த பிறகு மிஞ்சும் பகுதியை ஸ்டம்ப் என்பார்கள். அது முதல் ஒரு வருடத்தில் சுருங்கிக்கொண்டே போகும். முதலில் கச்சிதமாக இருந்த சாக்கெட், அதாவது செயற்கைக் காலில் ஸ்டம்ப் நுழையும் கிண்ணம், தொளதொளவென்று ஆகி, எலும்பு அடியில் போய் இடிக்கும். ஒன்று, இரண்டு என்று காலுறை சேர்த்துக் கொஞ்ச நாள் ஓட்டலாம். அதற்கு மேல் புது சாக்கெட்தான். ஏடிப் திட்டத்தில் ஒரே உபகரணத்தை மறுபடி வாங்கப் பெரியவர்களுக்கு மூன்று வருடம் இடைவெளி உண்டு, 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஒரு வருடம். செயற்கைக் கால் கட்டிலுக்கு அடியில் கிடப்பது இந்த இடைவெளியில்தான். முதலாளியிடம் ஒரு வருடம் கழித்து வரப்போகும் சாக்கெட் மாற்றத்துக்கும், நடைப் பயிற்சி சிட்டிங்குகளுக்கும், இன்னொரு காலுக்கு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்புக்கும் கேளுங்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு அந்த இன்னொரு கால்தான் அடுத்த ஆபத்து.

இப்போதைக்குக் காசில்லாமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். சுகமாக இருக்கும், ஆனால் முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும். மடங்கின முழங்காலுக்கு எந்தக் காலும் பொருந்தாது.

அம்மாவுக்கு ஸ்ட்ரோக்குக்குப் பிறகு பேச்சு வரவில்லை. ஆனால் கந்த சஷ்டி கவசம் இரண்டு வரி தானாகச் சொல்கிறார்! தெரபிஸ்ட் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் பயிற்சி தருகிறார். தமிழில் கிடைக்குமா?
— ஸ்ரீராமபுரம் வாசகி

கவசம் வருவது ஆச்சரியமில்லை. மனப்பாடமாகி ஊறிப்போன வரிகள், ஒன்று இரண்டு எண்ணுவது, திட்டுவது எல்லாம் தப்பித்துவிடும். நினைத்த சொல்லை எடுப்பதுதான் போய்விடும். பயிற்சி வீட்டில் பேசும் மொழியில் நடக்க வேண்டும். உள்ளூரில் தமிழ் தெரிந்தவர் கிடைக்காவிட்டால், சென்னையிலோ வேலூரிலோ இருக்கும் தெரபிஸ்டிடம் வீடியோ காலில் வாரம் இரண்டு சிட்டிங் ஏற்பாடு செய்யலாம். உதவ வருபவர் இதற்கும், தேவையானால் ஒரு பெரிய திரை டேப்லெட்டுக்கும் கொடுக்கலாம். ஆப்பிள் படம் போட்ட அட்டையைத் தூக்கிப் போடுங்கள். உங்கள் வீட்டுச் சொம்பு, பால் பாக்கெட், அம்மாவின் கண்ணாடி, பேரன் இவர்களைப் போட்டோ எடுத்துப் பிரிண்ட் போடுங்கள். படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டுவிட்டுப் பத்து விநாடி வாயை மூடிக்கொண்டு இருங்கள். அதுதான் வீட்டாருக்குக் கஷ்டமான பயிற்சி.

மூளை முடக்குவாதம் உள்ள நான்கு வயதுக் குழந்தையின் தெரபியை ஒரு வருடமாக ஏற்றிருக்கிறேன். இன்னும் நடக்கவில்லை. தொடர்ந்து கொடுப்பதில் பயன் இருக்கிறதா?
— மாரத்தஹள்ளி வாசகர்

நடக்கிறதா என்பது தவறான அளவுகோல். சில குழந்தைகள் எவ்வளவு தெரபி கொடுத்தாலும் தனியாக நடக்காது, அது யாருடைய தவறும் இல்லை. இரண்டு வயதுக்குள் தானே உட்கார்ந்த குழந்தைக்கு நடக்க வாய்ப்பு அதிகம். தெரபிஸ்டிடம் கேளுங்கள்: போன வருடம் யாரும் பிடிக்காமல் எவ்வளவு நேரம் உட்கார்ந்தான், இப்போது எவ்வளவு நேரம்? தானே ஸ்பூன் பிடிக்கிறானா? இடுப்பு எக்ஸ்ரே எடுத்தார்களா? இந்தக் குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல நழுவும், வலி வந்த பிறகு பார்ப்பது தாமதம். இனி ஆறு மாதத்துக்கு இரண்டே குறிக்கோள் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராத இடத்தை மாற்றலாம், குழந்தையைக் கைவிட வேண்டாம்.

பெற்றோரை மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா காப்பீட்டில் சேரச் சொல்லுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, முன்பரிசோதனை இல்லாமல் கிடைக்கும். வெளிநோயாளித் தெரபிக்கும் அதில் ஓர் உள்வரம்பு உண்டு. மறக்காமல் புதுப்பிக்க வேண்டும். பில், டாக்டர் சீட்டு இல்லாமல் நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் கிளெய்ம் திரும்பி வரும்.

பக்கத்து வீட்டுக்காரரின் தெரபி பில்லை நேராக ஆஸ்பத்திரியில் கட்டினேன். 80ஜி வரிச்சலுகை கிடைக்குமா? சிங்கப்பூர் குடியுரிமை பெற்ற என் அண்ணனும் கொடுக்க விரும்புகிறார்.
— ஒயிட்ஃபீல்டு வாசகர்

கிடைக்காது. தனி ஒருவருக்குச் செய்த உதவி, எவ்வளவு நல்லதானாலும், 80ஜி-யில் வராது. அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்கு நன்கொடையாகக் கொடுத்து, அவர்கள் தரும் 10பிஇ சான்றிதழ் வைத்திருந்தால்தான் உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு எப்படியும் இல்லை. உங்களைச் சார்ந்த அப்பாவோ தம்பியோ ஊனமுற்றவர் என்றால் அது வேறு கணக்கு. பழைய முறையில் 40 சதவீத ஊனத்துக்கு 75,000, 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் கழிவு.

அண்ணன் வெளிநாட்டுக் குடிமகன் என்பதால் அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.-வில் பதிவோ முன் அனுமதியோ உள்ள நிறுவனம் மட்டுமே வாங்க முடியும், அதுவும் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்கு மூலம். பெங்களூரு கிளைக் கணக்கு எண்ணை அனுப்புகிறவர்களுக்கு அனுப்ப வேண்டாம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்.ஆர்.ஐ. தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது.

என் மாமாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. இந்த நிலையில் ஃபிசியோதெரபிக்குப் பணம் கட்டுவது வீண் என்கிறார்கள்.
— விவேக்நகர் வாசகர்

என்ன எதிர்பார்த்துக் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பலத்தைத் திருப்பித் தரும் என்று கட்டினால் வீண். மூச்சு வாங்காமல் எப்படி உட்காருவது, எந்தப் பக்கம் தலையணை வைத்தால் வலி குறையும், இருவர் பிடித்து பாத்ரூமுக்கு எப்படிக் கூட்டிப்போவது என்று வீட்டாருக்குச் சொல்லித்தர நான்கைந்து சிட்டிங் போதும். வலியும் மூச்சுத்திணறலும் வீட்டில் அடங்காவிட்டால் மாரத்தஹள்ளிப் பக்கம் கருணாஸ்ரயாவில் முற்றிய புற்றுநோயாளிகளைப் பணம் வாங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் தாள், பயாப்சி ரிப்போர்ட் இரண்டின் நகலையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்தில் தேட வேண்டியிருக்காது.